எதிரில் நிற்பேன்

"'அன்னிக்கு உன் எதிர்லதான் நிப்பேன்'னு எழுதியிருக்கான். இருபத்தஞ்சு வருஷ சிநேகிதன், வாளை உருவிட்டான் பாரு!"

உவமை தன் செல்போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். வீட்டிலும் வெளியிலும் அவருக்கு அதுதான் பெயர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைக் காக்கும் பிரிவுக்குத் தலைவர். ஒரு ஃபைல் காணாமல் போனால்கூட, "நிலவைத் தொலைத்த வானமாய் நிற்கிறேனே!" என்றுதான் சத்தம் போடுவார்.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "முதல்ல நீங்க என்ன எழுதினீங்க?"

"பாறைக்குள் பதுங்கிய ஊற்றே, பொங்கி வா! தலைமை ஏற்கக் கற்போம்!"

"அப்படின்னா?"

"சனிக்கிழமை தலைமைப் பண்புப் பயிற்சி. ஆபீஸ்ல என்னை அனுப்புறாங்க. பாவம், அவனும் ஏதோ கம்பெனியில எழுதிக்கிட்டே கிடக்கிறான், முன்னேறட்டுமேன்னு கூப்பிட்டேன்."

ஆபீஸ் கடிதத்தைத் தேதியும் இடமும் மட்டும் தெரியும்படி மடித்துக் காட்டிவிட்டு, சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வாளும் வேண்டாம், ஊத்தும் வேண்டாம். போன் போட்டுக் கேளுங்க."

நண்பருக்குப் பட்டப்பெயர் அரைவார்த்தை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று இத்தனை வருஷத்தில் இவர் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. சந்திக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தது இவர்தான்.

"ஏன்டா, சனிக்கிழமை வரியா இல்லையா?"

"நான் வராம எப்படிடா?"

"எதிர்ல நிப்பேன்னியே?"

"எதிர்லதான். வேற எங்க நிப்பேன்?"

போனை வைத்த உவமைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அவனுக்குக் கண்ணாடியாம்! என் எதிர்ல நின்னு தன்னையே பார்த்துக்குவானாம். என்ன ஒரு கற்பனை!"

"அவர் சாதாரணமாச் சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டுது" என்றாள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி.

சனிக்கிழமை எட்டரைக்கே போய், முதல் வரிசையில் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு நண்பருக்கு இடம் பிடித்தார். முப்பது பேர் வந்து நிறைந்தார்கள். அந்த ஒரு நாற்காலி மட்டும் காலி.

சரியாக ஒன்பதுக்கு அரைவார்த்தை உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. உவமை எழுந்து கையை ஆட்டினார். "டேய், இங்க! இடம் போட்டு வச்சிருக்கேன்!"

நண்பர் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். பையை மேஜையில் வைத்தார், மார்க்கரைத் திறந்தார், வெள்ளைப் பலகைக்கு முன்னால் திரும்பி நின்றார்.

"வணக்கம். இன்னைக்கு உங்களுக்கு வகுப்பு எடுக்கப்போறது நான்தான்."

உவமை பொத்தென்று உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் எழுதத் தாள் கொடுத்துக்கொண்டே வந்த நண்பர், அவர் காதருகே குனிந்தார்.

"உன் ஆபீஸ் கடிதத்தோட நகல் எனக்கும் வந்துச்சுடா."

உவமை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "முழுசாவா?"

"முழுசா. இப்பச் சொல்லு, ஒரே மாசத்துல மூணு பேரு ஏன்டா உன்கிட்டேர்ந்து மாற்றல் கேட்டாங்க?"