தள்ளாமல் வந்த கார்

"எங்கே மாப்பிள்ளை, உங்க சோப்பு டப்பா?"

மூச்சிரைக்கப் பழைய கார் கண்காட்சி மைதானத்துக்குள் நுழைந்த மாப்பிள்ளையிடம் பல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஸ்டார்ட் ஆகலை மாமா. பஸ்ல வந்தேன்."

டாக்டர் காதில் தேன் பாய்ந்தது. மாப்பிள்ளை அந்தச் சின்னக் காரை வாங்கியதிலிருந்து அதைப் பழிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அவருடையது அறுபது வயதுக் கார். யாருக்குப் பல் ஆடினாலும் "பிடுங்கிடலாம்" என்பவர், தன் காரில் எது ஆடினாலும் "அது அப்படித்தான் ஆடும்" என்பார். இது பேத்தல் என்று அவருக்கே தெரியும். பாசம் யாரை விட்டது!

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நாலு பேர் தள்ளித்தான் கார் இந்த மைதானத்துக்குள் வந்தது. மூன்றாவது தடவையும் தள்ளினால் பெயரை எடுத்துவிடுவதாகப் பழைய கார் சங்கத்தின் செயலாளர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷ உறுப்பினர்! மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று சாவியைத் திருப்பியதுமே ஒரே உறுமல். முதல் பரிசும் கிடைத்துவிட்டது.

மைக் கைக்கு வந்தால் டாக்டர் சும்மா இருப்பாரா?

"புதுக் கார்ல கேமரா இருக்கு, ஏ.சி. இருக்கு. விசுவாசம் இருக்கா? என் அறுபது வயசுக் கிழம் தானா வந்து நிக்குது. என் மாப்பிள்ளை கார் வாங்கி அறுபது நாள்கூட ஆகலை, வீட்டுல படுத்துடுச்சு. பாவம், பஸ்ல வந்திருக்காரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

காலையில் தன்னோடு காரில் வந்த மகளையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது டாக்டருக்கே உறுத்தியது. நாலு பேர் நடுவில் மாப்பிள்ளையின் மானத்தை வாங்குவது மாமனார் செய்கிற காரியமா? காருக்காவது பிரேக் பிடிக்கிறது, இந்த வாய்க்குத்தான் பிடிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

அந்தப் பாவத்தைக் கழுவ, அடுத்த தெருவிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"சாவியைக் கொடுங்க. உங்க வண்டியை நானே சரி பண்ணித் தர்றேன்."

"வேண்டாம் மாமா, அப்புறம் பார்த்துக்கலாம்..."

"அட, பெரியவன் சொல்றேன், கொடுங்க!"

சின்னக் காரின் பானெட்டைத் திறந்தவர் அலறினார்.

"மாப்பிள்ளை! பேட்டரியையே காணோம்! எவனோ திருடிட்டான்! போலீசுக்குப் போன் போடுங்க!"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"போலீஸ் வந்தா உங்களைத்தான் பிடிச்சுட்டுப் போகும்ப்பா. பேட்டரி உங்க கார்ல இருக்கு."

"என்னம்மா உளர்றே?"

"காலையில உங்க காரைத் துடைக்க வந்தவர் சாவியைத் திருப்பிப் பார்த்தாராம். சத்தமே இல்லைன்னு இவருக்குப் போன் பண்ணினார். நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள இவர் பேட்டரியைக் கழட்டி அதுல மாட்டிட்டார். உங்களோடதைச் சார்ஜ் போடக் கொடுத்துட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினார். நீங்க மேடையில நக்கல் பண்ணினப்போ முதல்ல கை தட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? இவர்தான்!"