படபடக்கும் இண்டிகேட்டர்

"உனக்கெல்லாம் எவன்யா கடை வைக்கச் சொன்னது?"

பெரியவர் போட்ட சத்தத்தில், எதிரே பஞ்சர் கடையில் வேலை நின்றுபோனது. கார் எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டு ஒரு மாசமாச்சு. நிதானமா மின்ன வேண்டியது பேய் பிடிச்ச மாதிரி படபடன்னு அடிக்குது. மூணாவது தடவையா வரேன். சரி பண்ணத் துப்பில்ல!"

"வேற ஏதோ கோளாறு இருக்குங்க ஐயா. பார்க்கிறேன்."

"பார்த்துக்கிட்டே இரு! இந்தக் கடைப் பக்கமே போகாதீங்கன்னு ஊர்ல ஒருத்தர் விடாம சொல்றேன்."

பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது. இருந்த வேலையை விட்டுவிட்டு, அக்கா புருஷனின் பெயரை நம்பித்தான் போன வாரம் இங்கே வந்து சேர்ந்திருந்தான். அந்தப் பெயர் இப்போது நடுரோட்டில் கப்பலேறிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, காருக்குள் உட்கார்ந்திருந்த பெரியவரின் மருமகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'என்ன திமிர்!' என்று மச்சான் பல்லைக் கடித்தான்.

கார் போனதும் கேட்டேவிட்டான்.

"மாமா, இது ஒரு வேலையா? எல்.இ.டி. பல்ப் கரண்ட் கம்மியா இழுக்கும். இண்டிகேட்டரை மின்ன வைக்கிற பழைய ஃப்ளாஷர், பல்ப் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வேகமா அடிக்கும். எல்.இ.டி.க்குன்னு இருக்கிற ஃப்ளாஷரை மாட்டினா பத்து நிமிஷத்துல முடிஞ்சுது."

"அந்த வண்டி ஒரு மாதிரி மச்சான். நீ அதுல கை வைக்காத."

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்கு வேலை தெரியவில்லை. ஒத்துக்கொள்ளத்தான் மானம் தடுக்கிறது.

இரண்டு நாள் கழித்து, வழியில் நின்றுபோன ஒரு வேனைப் பார்க்க எலக்ட்ரீஷியன் போயிருந்த நேரம். பெரியவர் தனியாக வந்தார்.

"ஹாரன் கம்முது. பாரு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்ததும், மச்சான் ஹாரனைச் சரிசெய்தான். கையோடு டேஷ்போர்டுக்குக் கீழே புகுந்து ஃப்ளாஷரையும் மாற்றினான். இண்டிகேட்டர் சமர்த்தாக, நிதானமாக மின்னியது.

"ஐயா, இப்போ பாருங்க!"

பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பாராட்டு வரும் என்று மச்சான் காத்திருந்தான்.

"ம்... சரி," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா திரும்பியதும், மச்சான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"அடப்பாவி! கெடுத்தியே காரியத்தை!"

"என்ன மாமா சொல்றீங்க?"

"அவருக்கு இண்டிகேட்டரோட 'டிக் டிக்' சத்தம் காதுல விழாது. இண்டிகேட்டரைப் போட்டா அணைக்க மறந்துட்டு அப்படியே போவார். எல்.இ.டி. போடுறதுக்கு முன்னால ஒரு தடவை, அவர் திரும்பப் போறார்னு நம்பி, பின்னால வந்த ஸ்கூட்டர்காரர் இடிச்சு விழுந்துட்டார். நல்லவேளை, சிராய்ப்போட போச்சு. இன்னொரு தடவை நடந்தா சாவியைப் பிடுங்கிடுவேன்னு மகன் சொல்லிட்டானாம். அந்த மனுஷனுக்கு காருதான் உசிரு."

"அதுக்கு?"

"எல்.இ.டி. போட்ட அன்னைக்கு படபடன்னு அடிச்சுது. டேஷ்போர்டுல அந்த அம்புக்குறி துடிக்கிறது கண்ணை உறுத்துதுன்னு அவர் உடனே அணைச்சிட்டார். அதைப் பார்த்துட்டு மருமகதான் என்னைத் தனியா கூப்பிட்டு, 'இதைச் சரி பண்ணிடாதீங்கண்ணே, என் மாமனாருக்கும் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சு போயிடுவார்'னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"அப்ப எதுக்கு அன்னைக்குச் சிரிச்சாங்க?"

"நான் முழிச்ச முழிக்குச் சிரிக்காம என்ன பண்ணும்?"

மச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரத்தில் மாமாவைப் பற்றி என்னென்ன நினைத்துவிட்டோம்!

எலக்ட்ரீஷியன் பதறிப்போய் மருமகளுக்குப் போன் போடப் போனார். அதற்குள் வாசலில் அதே கார் வந்து நின்றது. வலது பக்க இண்டிகேட்டர் நிதானமாக மின்னிக்கொண்டே இருந்தது.

பெரியவர் இறங்கி வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பழைய ஃப்ளாஷர் இருக்கா? தூக்கிப் போட்டுட்டியா?"

"இ... இருக்குங்க ஐயா."

"அதையே மாட்டிடு. மார்க்கெட்ல போட்ட இண்டிகேட்டரை அணைக்கவே இல்ல, இப்பத்தான் பார்க்கிறேன். பின்னால யாரும் வராதது என் நல்ல நேரம்."

எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்தார். "ஐயா... உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"காதுதான்யா மந்தம், கண்ணுக்கு என்ன? என் மருமக உன்னைக் கும்பிட்டுக்கிட்டு நின்னதை வண்டிக் கண்ணாடியில பார்த்தேன். மீதி புரியாமலா போகும்?"

"பிறகு எதுக்குங்க ஐயா மூணு தடவை வந்து அந்தத் திட்டு திட்டினீங்க?"

"நான் திட்டலைன்னா, எனக்கு விஷயம் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே. கூசிப் போயிடுவா, பாவம்."

மச்சான் பழைய ஃப்ளாஷரை மாட்டி முடித்தான். இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

"சனிக்கிழமை அவளோட வரேன். புதுசா நாலு வசவு யோசிச்சு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் நல்லாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும், சரியா?"