பீலித் தண்ணீர்

மாணிக்கக் குழியை மூடச் சொல்லும் மனுவோடு கஹவத்தை டவுனிலிருந்து வந்த சசி, விஜயகலா தந்த தேநீரை உறிஞ்சினான். தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.

"குழி தோண்டித்தானே மலை ஊத்து வத்தி, பீலியில தண்ணி நின்னுச்சு? அப்புறம் ஏன்க்கா தயங்குறீங்க? அண்ணனுக்குக் குழி வேலை போயிரும்னா?"

"அவரு அந்த வேலைய விட்டு ரெண்டு வருஷமாச்சு தம்பி."

"குழி முதலாளிக்குப் பயப்படுறீங்களா?"

"அவனுக்கு யாரு பயந்தா?"

மேட்டில் பம்ப் உறுமத் தொடங்கியது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். விஜயகலாவும் எழுந்தாள்.

"குழியில ஊறுறத பம்ப் பண்ணி வெளிய விடுறாங்க. பீலி வத்தினதிலருந்து அதத்தான் குடிக்கிறோம், இந்தத் தேத்தண்ணியும் அதுலதான். குழிய மூடினாலும் பீலி திரும்ப ஓடாது; அதுவும் இல்லாமப் போயிரும்."

குடத்தை இடுப்பில் வைத்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"பீலி ஓடுறப்பவே இந்த மனுவக் கொண்டு வந்திருக்கக்கூடாதா தம்பி?"

சசியின் கையில் பாதித் தேநீர் மிச்சமிருந்தது.