குலவைக்கு எட்டு நொடி

பரளச்சி அம்மன் கோயில் மேடையில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. ராத்திரி கச்சேரிக்கு ஒத்திகை. பாட்டு, விளக்கு, பெரிய திரையில் தோன்றும் அம்மன் முகம், எல்லாவற்றையும் லேப்டாப்பில் நொடி பிசகாமல் கோத்து வைத்திருக்கிறான் அசோக். நடுவில் பெண்கள் குலவையிட எட்டு நொடி. அது முடிந்ததும் முகம் தானாக மறைந்து டிரம்ஸ் தொடங்கும். ஒத்திகையில் முகம் சட்டென மறைவதைப் பார்த்து, பொட்டலைக் கூட்டிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் விளக்குமாற்றோடு மேடையருகே வருகிறாள். "ஆத்தா மொகத்தப் பாத்துத்தானய்யா கொலவை போடுவோம். பாதியில அமத்திப்புட்டா எப்பிடி?" அசோக் சிரித்துக்கொண்டே அந்த எட்டை அழிக்கிறான். "சரிக்கா, போடுங்க. நீங்க நிறுத்துன பெறகே அமத்துறேன்." முகம் ஒளிர்கிறது. அவளும் அவளோடு பொட்டலைக் கூட்டிய நாலு பெண்களும் குலவையைத் தொடங்குகிறார்கள். அசோக்கின் விரல் பொத்தான் மேல் நிற்கிறது. இருபது நொடி, நாற்பது, ஒரு நிமிஷம். டிரம்ஸ் அடிக்கக் குச்சிகளைத் தூக்கிய ராஜபாண்டிக்குக் கை கடுக்கிறது. "ஏலே, அமத்துலே!" "அவுக இன்னும் நிறுத்தலையேலே!" கழுத்து நரம்பு புடைக்க, முகமெல்லாம் சிவக்க, மூச்சு வாங்கத் திரும்புகிறாள் முத்துமாரியம்மாள்; மற்றவர்கள் விடாமல் போடுகிறார்கள். "ஆத்தா இன்னும் நிக்கிறாளேய்யா, நாங்க எப்பிடி நிறுத்துறது?"