சேருமிடத்துக்கு மிச்சத் தூரம்

முன் சீட்டின் முதுகிலிருந்த திரையில் ஒரு குட்டி விமானம் கடலைத் தாண்டிச் சென்னையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே மிச்சத் தூரம் குறையக் குறைய, அது அப்படியே நின்றுவிடாதா என்றிருந்தது பரஞ்சோதிக்கு. அப்பாவை மெஷினில் போட்டு மூச்சு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "நீ வந்து முகத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் குழாயை எடுத்தாப் போதும்னு சொல்லி வச்சிருக்கோம்," என்று வடிவு அக்கா சொன்ன பிறகுதான் அவன் விமானம் ஏறினான்.

சென்னையில் கனமழை, இறங்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். குட்டி விமானம் கடல் பக்கம் திரும்பியது. தூரம் கூடியது.

"வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுச் சுத்த விடுறானுங்களே," என்று பக்கத்து சீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பரஞ்சோதி ஒவ்வொரு சுற்றுக்கும், அப்பாவுக்கும் சேர்த்து இழுப்பதுபோல, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து விட்டான்.

கடைசியில் சக்கரம் தரையில் மோதியது. விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்கினார்கள். அவன் பெல்ட்டைக் கழற்றவில்லை. இதுவரை அணைத்து வைத்திருந்த போனைப் போட்டதுமே மணி அடித்தது.

"இறங்கிட்டியாடா?"

"இல்லக்கா. இன்னும் மேலேயேதான் சுத்திக்கிட்டு இருக்கோம்."

அக்காவுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் சீராக மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சரிடா," என்றாள். "மெதுவாச் சுத்திட்டு வா."