பூட்டிய வீட்டின் சூடு

பூட்டிக் கிடக்கிற வீட்டில் கறண்ட் ஓடினால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். தில்லைநாதன் மாஸ்ரருக்கு அதில் சந்தேகமே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார்கள். வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் மதிலால் எட்டிப் பார்த்தால், சுவரில் இருக்கிற மீற்றரின் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னுகிறது. போன கிழமைவரை அது மின்னவில்லை.

மாஸ்ரர் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வேறு உலகங்களில் உயிர்கள் இருக்கின்றனவா என்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர யோசனை. போன மாதம் உரும்பிராய் வாசிகசாலையில் அதைப் பற்றி ஒரு பேச்சுக்கூடப் பேசினார். அறிவில் நம்மைத் தாண்டிய உயிர்கள் எங்காவது இருந்தால் அவற்றுக்கு ஏராளமான சக்தி வேண்டும். தங்கள் சூரியனையே சுற்றி மூடி அதன் வெளிச்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், பாவித்த சக்தி கடைசியில் சூடாக வெளியே வந்துதான் ஆகும். அந்தச் சூட்டைத் தேடினால் ஆளைப் பிடித்துவிடலாம் என்றார். இதுவரை ஒருவரும் பிடிபடவில்லையே என்பது அவருக்குப் பெரிய கவலை.

வானத்தில் கிடைக்காதது மதிலுக்கு அந்தப் பக்கம் கிடைத்ததும் மனிதருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. வெளிச்சம் மின்னுகிற வேகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார். பகல் முழுக்க ஒரு ஃபான். காலையில் கொஞ்ச நேரம் ஒரு கேத்தில். குளிர்பெட்டியை நிற்பாட்டாமல் போயிருப்பார்கள் என்று மனைவி கனகாம்பிகை சொல்லிப் பார்த்தாள். குளிர்பெட்டி காலையில் தேத்தண்ணி குடிக்காது என்று அவர் சிரித்தார்.

அன்றும் மருமகன் கஜீவன் வந்தான். மகள் நிவேதனா நெல்லியடியில் அவன் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் வருகிறான். விறாந்தைக் கதிரையில் தலையைக் குனிந்தபடி இருப்பான். அவனைப் பார்க்க மாஸ்ரருக்குப் பாவமாக இருக்கும்.

நிவேதனா முன்பும் கோபித்துக்கொண்டு வந்தவள்தான். ஒருதரம் கன்னம் வீங்கியிருந்தது. இன்னொருதரம் கையில் கட்டு. ஒவ்வொருதரமும் மாஸ்ரரே மருமகனுக்குப் போன் எடுத்து, கூப்பிட்டு, அவளைக் கையில் பிடித்துக் கொடுத்தார். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான், ஊர் கதைக்கிறமாதிரி நடக்கக்கூடாது என்று புத்தியும் சொன்னார்.

இந்தமுறை அவள் இங்கே வரவில்லை. கொழும்பில் சிநேகிதி ஒருத்தியோடு இருப்பதாகக் கனகாம்பிகை சொன்னாள். எந்தச் சிநேகிதி என்று கேட்டால் தெரியாதாம்.

கதையோடு கதையாக மாஸ்ரர் மருமகனுக்குப் பக்கத்து வீட்டு விசயத்தைச் சொன்னார். உள்ளுக்குள் ஒரு கள்ளன் சொகுசாகக் குடியிருக்கிறான் என்றார். கஜீவன் முதலில் கேட்டும் கேளாததுபோல இருந்தான். பிறகு எப்போதிருந்து என்று கேட்டான். போன கிழமையிலிருந்து என்றதும் எழும்பிவிட்டான்.

அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு கனகாம்பிகையிடம் இருந்தது. இடைக்கிடை கூட்டித் துடைப்பதற்காக லண்டன்காரர் கொடுத்துவிட்டுப் போனது. மாஸ்ரர் கேட்டபோது தொலைந்துபோனது என்றாள். அதையும் கள்ளன்தான் எடுத்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார்.

"இஞ்சருங்கோ, ஆரோ போக்கிடமில்லாத சீவனா இருக்கும். உங்களைக் கும்பிட்டன், விடுங்கோ."

"உமக்கு உது விளங்காது. பேசாமல் உள்ளுக்குப் போம்."

அலவாங்கை எடுத்துக் கொடுத்ததும் மாஸ்ரர்தான். கஜீவன் பின்கதவின் பூட்டை நெம்பினான். எந்தப் பக்கம் நெம்பினால் சுகம் என்று மாஸ்ரர் பின்னால் நின்று சொன்னார்.

கதவு திறந்தது. குசினியில் கேத்தில் இருந்தது. அறைக்குள் ஃபான் சுழன்றது. கணக்கு ஒரு இம்மிகூடப் பிழைக்கவில்லை. மாஸ்ரருக்கு ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகுதான் பாயிலிருந்து எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்ற மகளைக் கண்டார்.

கஜீவன் நிவேதனாவின் மணிக்கட்டைப் பிடித்தான். வீட்டுக்குப் போவோம் வா என்றான், நல்ல பிள்ளைபோல, மெதுவாக. குறுக்கே ஓடிவந்த கனகாம்பிகையை முழங்கையால் தள்ளினான். அவள் நிலத்தில் விழுந்தாள். திறப்பைக் கொடுத்ததும், மதிலால் சோறு கொடுத்ததும் அவள்தான் என்பது மாஸ்ரருக்கு அப்போதுதான் விளங்கியது.

மகளின் கழுத்தில் விரல் பதிந்த அடையாளம் கறுத்துப்போய்க் கிடந்தது. மாஸ்ரருக்கு மருமகனைத் தடுக்கக் கை எழும்பவில்லை. அவரே பழக்கிவிட்ட வழியால்தான் அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

"பிள்ளை, இவருக்கு ஒளிக்கிறதெண்டால் அப்பாட்டை வந்திருக்கலாமே. பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இவருக்கு ஒளிக்கேல்லை அப்பா. உங்களுக்குத்தான் ஒளிச்சனான்."