பொட்டு வைத்த கற்கள்

செம்மேட்டு விடுதி அறையில், மேசை மேல் காட்டின் வரைபடம் விரிந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க, வழவழப்பான கறுப்புக் கல் ஒன்றை அதன்மேல் வைத்திருந்தாள் தொல்லியல் ஆய்வாளர் பரிமளா. நாளை காட்டுக்குள் கள ஆய்வு. வனத்துறை கொடுத்த அனுமதி மூன்றே நாள்.

உதவியாளர் யுவராஜ் உள்ளே வந்தான்.

"மேடம், நம்ம வழிகாட்டி சென்றாயன் ரெண்டு நாளா சாக்கோட காட்டுக்குள்ள போயிட்டு வர்றாராம்."

"நினைச்சேன். வாயத் தொறந்தா ஆயிரம் 'ங்க' போடும்போதே சந்தேகந்தான். கூப்பிடுங்க."

சென்றாயன் சாக்கோடுதான் வந்தார். மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகு பயிரிடுகிறவர்.

"சாக்குல என்ன?"

"சாமிங்க."

"பிரிங்க."

வாழைச் சருகில் சுற்றி, பதினெட்டுக் கற்கோடரிகள். எல்லாவற்றிலும் குங்குமப் பொட்டுகள்.

பரிமளாவுக்கு மண்டை சூடேறியது. "காட்டுல இருந்து ஒரு கல்லை எடுத்தாலும் திருட்டுதான். யாருக்கு விக்கப் போறீங்க?"

"சாமிய யாராச்சும் விப்பாங்களா? காட்டுல கெடக்கற இந்தக் கல்லெல்லாம் எங்களுக்குச் சாமிங்க. நாளைக்குப் பத்துப் பேரு பூட்ஸோட நடப்பீங்க. மிதிபடக் கூடாதில்லீங்க."

"நல்லா இருக்கு கதை. எது எங்க கெடந்ததுன்னு தெரியாம நான் எதை ஆய்வு பண்றது? யுவராஜ், ரேஞ்சருக்குப் போன் போடுங்க. கேஸ் போட்டாத்தான் சரிப்படும்."

சென்றாயன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேஸெல்லாம் வேண்டாங்க. எடம் தெரியுமுங்க. சாமிய எடுத்தா அந்த எடத்தைச் சும்மா உடமாட்டோம். வேற கல்லு வெச்சுட்டுத்தான் எடுப்போம். இதுல மூணு பொட்டுன்னா, அங்க வெச்ச கல்லுலயும் மூணு பொட்டு. இதுல ஏழுன்னா அங்கயும் ஏழு. நீங்க பாத்து முடிச்சதும் திருப்பி வெக்கோணுமுங்களே."

யுவராஜ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "நம்ம பதிவேடுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது மேடம்."

பரிமளா வரைபடத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். மேலே இருந்த கறுப்புக் கல் நழுவி, சென்றாயன் காலடியில் விழுந்தது.

அவர் அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவும் கோடரிதான். பொட்டு மட்டும் இல்லை.

"போன மாசம் எடம் பாக்க வந்தப்ப எடுத்ததுங்களா அம்மா? எந்த எடம்னு சொன்னீங்கன்னா, நானே போயி ஒரு கல்லு வெச்சுட்டு வந்தர்றேனுங்க."